மாரிகாலத்து மழையும் குளிரும் பனியும்: கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த தமிழர், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி தையை முன்பனி என்றும், மாசி பங்குனியைப் பின்பனி என்றும் வழங்கினர். குளிருக்கும் பனிக்கும் ஆண்டில் ஆறு மாதங்களை ஒதுக்கியது வீணான வகுப்பன்று. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்போக நெல் விதைக்கப்பட்டு, மட்டம் வெடித்து, குடலைப் பருவமெய்தி, கதிர் பறிந்து, அறுவடையாவது இம்மாதங்களிலேயே. யாழ்ப்பாணத் தோட்டங்களில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நடப்படுவதும், மலைநாட்டில் மரக்கறிப் பயிர்கள் உறைபனிக்கு அஞ்சி நிற்பதும் இக்காலத்திலேயே. ஆகவே இப்பருவத்தின் இயல்பை நன்கறிந்த கமக்காரன் தனது உழைப்பின் பெரும்பகுதியைக் காத்துக் கொள்வான். அறியாதவன், பயிர் செழித்து நிற்கும் வேளையிலேயே அதனை இழக்கவும் நேரும்.

பனி என்னும் ஒரு சொல்லாலேயே நாம் பல பொருள்களைக் குறிக்கின்றோம். இரவில் இலைமேல் திரளும் நீர்த்துளி பனிநீர். காலையில் வயலை மறைக்கும் புகை போன்றது மூடுபனி. மலைநாட்டில் புல்லின் மேல் வெண்மையாய்ப் படிவது உறைபனி. குளிர் நாடுகளில் வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுவது பனிமழை. இவை நான்கும் வெவ்வேறு காரணங்களால் உண்டாவன; பயிருக்குச் செய்யும் விளைவுகளும் வெவ்வேறானவை. ஒன்றிற்குரிய பரிகாரத்தை மற்றொன்றிற்குச் செய்தல் பயன் தராது.

வாடைக்காற்று எங்கிருந்து வருகின்றது

மார்கழி, தை மாதங்களில் ஆசியாக் கண்டத்தின் வடபகுதியான சைபீரியா கடுங்குளிரில் உறைந்து கிடக்கும். குளிர்ந்த வளி கனமுடையது. அது நிலத்தின்மேல் தேங்கி அமுக்கத்தை உயர்த்துகின்றது. அமுக்கம் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கி வளி பாய்தல் இயற்கை விதி. இவ்வாறு கண்டத்திலிருந்து தெற்கு நோக்கிப் பாயும் வளி, பூமியின் சுழற்சியினால் வலப்பக்கம் திரும்பி, வடகிழக்குக் காற்றாக நமது தீவை அடைகின்றது. இதுவே வாடை.

இக்காற்று புறப்படும்போது உலர்ந்தது. வங்காள விரிகுடாவைக் கடக்கும்போதே அது நீராவியை முகந்து கொள்கின்றது. ஆதலால் முதலில் காற்று எதிர்ப்படும் வடக்கு, கிழக்குக் கரைகளுக்கும் மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளுக்கும் மிகுந்த மழை கிடைக்கின்றது. மலைகளைத் தாண்டி மேற்குப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுகின்றது. திசம்பர் முதல் பெப்ரவரி வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நக்கிள்சு மலைத்தொடரின் கிழக்குச் சரிவிலுள்ள சில இடங்கள் 1,200 மி. மீ. இற்கு மேற்பட்ட மழையைப் பெறுகின்றன. அதே மூன்று மாதங்களில் மேற்குக் கரையிலுள்ள சிலாபம் 200 மி. மீ. மழையைக்கூடப் பெறுவதில்லை. ஒரு சிறு தீவினுள்ளே இத்துணை வேறுபாடு இருத்தலால், ஓர் ஊரின் பயிர்செய் முறையை மற்றோர் ஊர் அப்படியே பின்பற்றலாகாது.

பருவத்தின் போக்கினையும் கவனித்தல் வேண்டும். ஒற்றோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழையும், விரிகுடாவில் உண்டாகும் தாழமுக்கங்களால் வரும் அடைமழையும் மிகுதி. திசம்பரில் வாடை நிலைபெற்று மழை தொடரும். சனவரி நடுப்பகுதிக்குப் பின் மழை படிப்படியாகக் குறைந்து, வானம் தெளிந்து, இரவுக் குளிரும் பனியும் மிகும். ஆகவே இப்பருவத்தின் முற்பகுதியில் வெள்ளத்திற்கும், பிற்பகுதியில் பனிக்கும் குளிருக்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

மழையை அளந்தறிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு ஆண்டொன்றில் ஏறக்குறைய 1,250 மி. மீ. மழை கிடைக்கின்றது. அதில் மூன்றில் இரண்டு பங்களவு ஒற்றோபர், நவம்பர், திசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பொழிந்துவிடுகின்றது. எஞ்சிய ஒன்பது மாதத்திற்கும் கிணறுகளை நிரப்பி வைப்பது இம்மூன்று மாத மழையே. மட்டக்களப்பில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,650 மி. மீ.; அங்கே திசம்பர் மாதமே மழை மிகுந்த மாதம்.

மி. மீ. என்னும் அளவு கமக்காரருக்கு வெறும் எண்ணாகத் தோன்றலாம். அதனை நீராகக் கணக்கிட்டால் பொருள் விளங்கும். ஓர் ஏக்கர் நிலத்தில் 25 மி. மீ. மழை பெய்தால், அந்நிலத்தின்மேல் விழுந்த நீர் ஓர் இலட்சம் லீற்றருக்குச் சற்று அதிகமாகும். வரம்பு உறுதியாயிருந்தால் இந்நீர் வயலில் நிற்கும். நண்டு வளையும் எலி வளையும் அடைபடாத வரம்பாயின் ஓரிரவிலேயே வடிந்து போகும். மானாவாரி வயல்களில் சனவரி மாதத்தில் மழை முன்கூட்டியே ஓய்ந்துவிடும் ஆண்டுகளில், வரம்பைக் காத்தவனுடைய பயிர் கதிர் முற்றும் வரை தாக்குப் பிடிக்கும். காவாதவனுடைய பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் வாடும். ஆதலால் வரம்பு கட்டும் வேலையை மழை தொடங்கு முன்னரே முடித்துக் கொள்ளல் வேண்டும்.

வெள்ளமும் சூறாவளியும்

இலங்கையைத் தாக்கிய சூறாவளிகளுட் பெரும்பாலானவை நவம்பர், திசம்பர் மாதங்களிலேயே வந்தன. 1964 ஆம் ஆண்டு திசம்பரில் திருகோணமலைப் பக்கமாக நுழைந்து மன்னார் வழியாகச் சென்ற சூறாவளியும், 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கித் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்த சூறாவளியும் முதியோர் நினைவிலிருந்து நீங்காதவை. 2008 ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா சூறாவளியால் யாழ்ப்பாணமும் வன்னியும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. 2011 ஆம் ஆண்டு சனவரி, பெப்ரவரி மாதங்களில் சூறாவளி எதுவுமின்றியே கிழக்கில் பெய்த பெருமழை, அறுவடையை நோக்கி நின்ற பெருந்தொகையான நெற்பயிரை அழித்தது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் அதனால் பாதிக்கப்பட்டனர். 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி, வெள்ளத்தோடு மலைநாட்டில் மண்சரிவுகளையும் உண்டாக்கிப் பல உயிர்களைக் கொண்டது.

இவற்றைத் தடுத்தல் மனிதரால் ஆகாது. ஆயினும் இழப்பைக் குறைத்தல் ஆகும். அதற்குரிய வழிகள் பின்வருவன:

1. வாய்க்கால்களையும் வடிகால்களையும் ஒற்றோபர் மாதத்திற்கு முன்னர் ஊரவர் கூடித் துப்புரவு செய்தல் வேண்டும். ஒருவர் வயலின் வடிகால் அடைபடின் அயலார் பத்துப் பேரின் வயலும் மூழ்கும்.

2. பெருமழை வருமென வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்திருக்கும்போது யூரியா இடுதல் கூடாது. இட்ட பசளை நீரோடு ஓடிவிடும். அப்பணத்தை ஆற்றில் எறிந்ததற்கு ஒப்பாகும்.

3. நெற்பயிர் முழுவதும் நீரில் மூழ்கினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் இலைநுனியாவது வெளியே தெரியும்படி நீரை வடித்துவிட முயலுதல் வேண்டும். தெளிந்த நீரிலும் சேற்று நீர் பயிருக்கு அதிக கேடு செய்யும். அது ஒளியைத் தடுத்து, இலையில் வண்டலைப் படிய விடுகின்றது.

4. வெள்ளம் வடிந்தவுடன் பசளை இடுதல் தவறு. வேர் மீண்டும் வெண்மையாய் வளரத் தொடங்கிப் புதிய இலை தோன்றிய பின்னரே மேற்பசளை இடுதல் வேண்டும்.

5. முற்றிய கதிர் சாய்ந்து நீரிற் கிடந்தால் சில நாட்களில் முளைத்துவிடும். ஆகவே அறுவடைக்குரிய வயலில் முன்னதாகவே நீரை வடித்து நிலத்தை இறுகச் செய்தல் வேண்டும். அறுத்த உப்பட்டிகளை மேட்டில் சேர்த்து மூடி வைத்தல் வேண்டும். களஞ்சியத்தில் இடு முன்னர் நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்கிற்கு மேற்படாதவாறு உலர்த்துதல் இன்றியமையாதது.

இரவுக் குளிரும் நெற்பயிரும்

உலர் வலயத்துத் தாழ்நிலங்களில் சனவரி மாத இரவுகளின் வெப்பநிலை பெரும்பாலும் 20 முதல் 23 பாகை செல்சியசு வரை இறங்கும். இது நெல்லைக் கொல்லும் குளிரன்று; எனினும் பயிரின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். ஒரே இன நெல் சிறுபோகத்தில் முற்றும் நாட்களைக் காட்டிலும் பெரும்போகத்தில் சில நாட்கள் பிந்தி முற்றுதற்கு இதுவும் ஒரு காரணம். குளத்து நீரைப் பங்கிடும்போதும் அறுவடைக்கு ஆட்களையும் இயந்திரத்தையும் ஒழுங்கு செய்யும்போதும் இந்நாட்களைச் சேர்த்துக் கணக்கிடுதல் நலம்.

மலைநாட்டின் நிலை வேறு. நிலம் 1,000 மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறக்குறைய 6 அல்லது 6½ பாகை குறையும். ஆகவே வெலிமடை, பண்டாரவளை போன்ற உயர்ந்த இடங்களின் வயல்களில் குளிர் நெல்லுக்கு உண்மையான இடராகும். நெற்பயிரின் வாழ்நாளில் குளிருக்கு மிக எளிதிற் கெடும் காலம், கதிர் வெளிவருவதற்கு ஏறக்குறைய 10 முதல் 12 நாட்களுக்கு முன்னுள்ள குடலைப் பருவமாகும். அப்பொழுது இலையுறைக்குள் மறைந்திருக்கும் இளங்கதிரிலே மகரந்தம் உருவாகின்றது. அவ்வேளையில் இரவு வெப்பநிலை 15 முதல் 17 பாகைக்குக் கீழே பல நாள் தொடர்ந்து நின்றால் மகரந்தம் பழுதடையும். பயிர் பச்சைப் பசேலெனத் தோன்றும், கதிரும் வெளிவரும், ஆனால் மணி பிடியாமல் பதராகும். கேடு நிகழ்ந்து மூன்று வாரம் சென்ற பின்னரே அது கண்ணுக்குத் தெரிவதால், பலர் இதனைப் பூச்சியின் குற்றமென்றோ பசளையின் குற்றமென்றோ தவறாக எண்ணுகின்றனர்.

இதனைத் தவிர்க்கும் வழி விதைக்கும் நாளிலேயே தொடங்குகின்றது. மூன்றரை மாத நெல் 105 நாட்களில் முற்றுமாயின், அது கதிர் பறிவது 75 ஆம் நாளளவில் ஆகும். குளிருக்கு அஞ்சவேண்டிய நாட்கள் 63 முதல் 65 வரையுள்ள நாட்களைச் சூழ்ந்தவை. நவம்பர் 15 இல் விதைத்தால் அந்நாட்கள் சனவரி மூன்றாம் வாரத்தில் வரும். அதுவே ஆண்டின் குளிர் மிகுந்த காலம். இவ்வாறு முன்னோக்கி எண்ணிப் பார்த்து, உயரமான இடங்களில் விதைப்பு நாளைத் தெரிந்து கொள்ளல் வேண்டும். குளிருக்கு ஈடுகொடுக்கும் இனங்களைப் பற்றி அவ்வட்டாரத்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் நன்று.

குடலைப் பருவத்தில் குளிர் வந்துவிட்டால் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வயலின் நீரை 15 முதல் 20 செ. மீ. ஆழத்திற்கு உயர்த்துதல் வேண்டும். பகலில் வெயிலை ஏற்ற நீர் இரவில் வளியைப்போல் விரைவாகக் குளிர்வதில்லை. இளங்கதிர் அந்நீர்மட்டத்திற்குள் இருப்பதால் வெதுவெதுப்பாகப் பாதுகாக்கப்படும். குளிர் மிகுந்த வட யப்பானில், ஒக்கைடோத் தீவின் கமக்காரர் இம்முறையைக் கையாளுகின்றனர். ஆனால் ஊற்றிலிருந்து நேரே வரும் குளிர்ந்த நீரை இரவிற் பாய்ச்சுதல் எதிரான விளைவைத் தரும். நீரைப் பகலில் நீண்ட வாய்க்கால் வழியாகச் சுற்றிவிட்டு, வெயிலில் சூடேறிய பின் வயலுக்குள் விடுதல் வேண்டும்.

பனிநீரும் நோய்களும்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. தெளிந்த வானமுள்ள இரவில் நிலமும் இலையும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிடுகின்றன. குளிர்ந்த இலையைத் தொட்ட வளியிலுள்ள நீராவி, குளிர்ந்த செம்பின் புறத்தே நீர் முத்துகள் திரள்வதுபோல, துளியாகத் திரளுகின்றது. அதுவே பனிநீர். மழை ஓய்ந்த காலத்தில் இது பயிருக்குச் சிறு ஆறுதல் தரினும், பூஞ்சண நோய்களுக்குப் பெருவழி திறந்து விடுகின்றது. பெரும்பாலான பூஞ்சணங்களின் வித்திகள் உலர்ந்த இலையில் முளைப்பதில்லை; இலை பல மணிநேரம் ஈரமாயிருந்தாலே அவை முளைத்து இலைக்குள் நுழையும்.

நெல்லின் எரிபந்த நோய் இதற்கு நல்ல உதாரணமாகும். பகலில் மிதமான வெயில், இரவில் குளிர், விடியும் வரை பனிநீர் என்னும் மூன்றும் சேர்ந்த சனவரி மாதத்தில் இந்நோய் விரைந்து பரவும். இலைகளில் இரு முனையும் கூர்மையாய், நடுவே சாம்பல் நிறமாய், விளிம்பு பழுப்பாய்க் கண் வடிவான புள்ளிகள் தோன்றுவது இதன் அடையாளம். கதிரின் கழுத்தில் இந்நோய் பற்றினால் கதிர் வெளிறி ஒடிந்து தொங்கும். யூரியாவை அளவுக்கு மேல் இட்டு இலையைக் கரும்பச்சையாக்கிய வயல்களிலேயே இது கடுமையாகத் தாக்கும். ஆதலால் யூரியாவைச் சிபாரிசு செய்யப்பட்ட அளவில் பல முறையாகப் பிரித்து இடுதலும், புள்ளிகள் கண்டவுடன் யூரியா இடுவதை நிறுத்துதலும், வயலை நீரின்றிக் காயவிடாதிருத்தலும், நோய் தாங்கும் இனங்களை விதைத்தலும் வேண்டும்.

உருளைக்கிழங்கிற்கும் தக்காளிக்கும் உள்ள பெரும்பகை பிந்திய வெளிறல் நோய். 10 முதல் 25 பாகை வரையுள்ள குளிர்ந்த ஈரமான காலநிலையும் மூடுபனியும் அதற்கு மிக உகந்தவை. இலையின் விளிம்பில் நீர் ஊறியதுபோன்ற கரும்புள்ளியும், காலையில் இலையின் அடிப்புறத்தே வெண்ணிறப் பூஞ்சணமும் காணப்படும். 1845 ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்து, ஏறக்குறைய பத்து இலட்சம் மக்களைப் பட்டினியாலும் நோயாலும் மடியச் செய்தது இந்நோயே. ஒரு தோட்டத்தில் கண்டால் ஒரு வாரத்திற்குள் அயல் முழுவதும் பரவும் வல்லமை இதற்குண்டு. நோயற்ற விதைக்கிழங்கை நடுதலும், கன்றுகளுக்கிடையே காற்றோட்டம் இருக்குமாறு இடைவெளி விடுதலும், முகில் மூடிய நாட்கள் தொடரும்போது போதனாசிரியரின் ஆலோசனைப்படி நோய் தோன்று முன்னரே மருந்து தெளித்தலும் காப்பாகும். நோயுற்ற செடிகளை வரம்பில் எறியாது புதைத்தல் வேண்டும்.

தாழ்நாட்டுத் தோட்டப் பயிர்கள்

யாழ்ப்பாணத்துச் செம்மண் தறைகள் நீரை விரைவில் வடியவிடும். வன்னியிலும் கிழக்கிலும் உள்ள களிமண் நிலங்கள் அவ்வாறல்ல. அத்தகைய நிலங்களில் மிளகாய், கத்தரி, தக்காளி முதலியவற்றை மேட்டுப்பாத்திகளில் நட்டு, பாத்திகளுக்கிடையே வடிகால் அமைத்தல் வேண்டும். வேர் ஒரு நாள் முழுதும் நீரில் நின்றாலே மிளகாய்க் கன்று வாடத் தொடங்கும். நாற்றுமேடைகளை மழைத்துளியின் அடியிலிருந்து காக்கக் கிடுகாலோ பொலித்தீனாலோ கூரையிட்டு, பக்கங்களைக் காற்றோட்டத்திற்குத் திறந்து விடுதல் நலம்.

சின்ன வெங்காயம் அடைமழையைப் பொறாது. பெருமழை ஓய்ந்த பின், திசம்பர் இறுதியிலும் சனவரியிலும் நடும் பயிரே குளிர்ந்த இரவுகளையும் தெளிந்த பகல்களையும் பெற்று நன்கு பருக்கும். உருளைக்கிழங்கும் வெப்ப இரவுகளில் கொடியாக மட்டும் வளரும். இரவு 20 பாகையளவிற்குக் குளிர்ந்தாலே கிழங்கு நன்கு இறங்கும். குடாநாட்டில் இப்பயிர் மாரிகாலத்து இரவுகளை நம்பிச் செய்யப்படுவதன் காரணம் இதுவே. நடுகை பிந்துமாயின் கிழங்கு பருக்கும் நாட்கள் மாசி, பங்குனி வெயிலில் அகப்பட்டு விளைவு குன்றும்.

பனிக்காலத்தில் இப்பயிர்களுக்கு நீர் இறைத்தலைக் காலையிலேயே செய்தல் வேண்டும். மாலையில் இலை நனைய நீர் தெளித்தால், இரவுப் பனியும் சேர்ந்து இலை பன்னிரண்டு மணிநேரத்திற்கு மேல் ஈரமாயிருக்கும்.

மலைநாட்டின் உறைபனி

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,850 மீற்றருக்கு மேல் உயரத்தில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. கொழும்பின் சராசரியோ 27 பாகை. சனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியா, அம்பேவளை, கந்தப்பளை முதலிய இடங்களில் சில விடியல்களில் புல்லும் பயிரும் வெண்ணிற உறைபனியால் மூடப்படுகின்றன. இதனைக் காண வெளியூரார் ஆவலோடு வருகின்றனர். தோட்டக்காரருக்கோ அது ஒரே இரவில் ஒரு போகத்தை இழக்கும் துன்பமாகும்.

வானொலியில் 3 அல்லது 4 பாகை என அறிவிக்கப்பட்ட நாளிலும் பயிர் உறைந்து போவது ஏன் எனப் பலர் வினவுவர். வெப்பமானி நிலத்திலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில், கூண்டுக்குள் வைக்கப்படுகின்றது. காற்றில்லாத தெளிந்த இரவில் நிலத்தை ஒட்டிய வளி அதனிலும் சில பாகை அதிகமாகக் குளிர்ந்திருக்கும். ஆகவே அளவுமானி 4 பாகை காட்டும்போதே நிலமட்டத்தில் நீர் உறையலாம். இலைக்குள் உள்ள நீர் உறையும்போது கலங்களின் ஈரம் உறிஞ்சப்பட்டு, அவற்றின் மென்சவ்வுகள் சிதைகின்றன. வெயில் பட்டவுடன் இலை வெந்ததுபோற் கருகுவது இதனாலேயே.

உறைபனி வரும் இரவை மாலையிலேயே அறியலாம். பகல் தெளிவாயிருந்து, உலர்ந்த காற்று வீசி, சூரியன் மறைந்ததும் காற்று முற்றாக ஓய்ந்து, முகிலின்றி விண்மீன்கள் ஒளிவீசி, இரவு 8 மணிக்கே கடுங்குளிர் உணரப்படுமாயின் விடியலில் உறைபனி வருமெனக் கொள்ளலாம். முகில் கம்பளிபோல் நிலத்தின் வெப்பத்தைக் காக்கும். ஆதலால் முகில் மூடிய இரவில் உறைபனி படிவதில்லை.

காப்பு முறைகள் வருமாறு:

1. குளிர்ந்த வளி நீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உருளைக்கிழங்கு, போஞ்சி, தக்காளி ஆகியவற்றை இக்காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் நடாது சரிவின் நடுப்பகுதியில் நடுதல் வேண்டும். கோவா, லீக்ஸ், கரட், பீற்றூட் ஆகியன சிறு உறைபனியைத் தாங்குமாதலால் பள்ளமான இடங்களை அவற்றிற்கு விடலாம்.

2. சரிவின் குறுக்கே அடர்ந்த வேலி இருப்பின் அது குளிர்வளியை அணைபோலத் தடுத்து நிறுத்தும். தோட்டத்தின் கீழ்ப்புற வேலியில் திறப்பு விட்டுக் குளிர்வளி வழிந்தோடச் செய்தல் வேண்டும்.

3. உறைபனி எதிர்பார்க்கப்படும் நாளின் பிற்பகலில் இலை நனையாது மண்ணை மட்டும் நனைத்தல் வேண்டும். ஈரமண் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெல்ல விடும். முன்னர்க் கூறிய காலை நீர்ப்பாசன விதிக்கு இது முரணன்று. அங்கே அஞ்சியது ஈரமான இலைக்கு, இங்கே வேண்டுவது ஈரமான மண்.

4. களையும் தடித்த மூடுபடையும் நிலத்தின் வெப்பம் மேலே வருவதைத் தடுக்கும். ஆகவே இவ்விரு மாதங்களில் உறைபனிக்கு எளிதிற் கெடும் பயிரின் அடியைத் துப்புரவாக வைத்தல் வேண்டும்.

5. நாற்றுகளை மாலையில் வைக்கோல், சாக்கு, பொலித்தீன் முதலியவற்றால், இலையைத் தொடாதவாறு மூடி, வெயில் ஏறிய பின் திறத்தல் வேண்டும்.

6. சூரியன் எழு முன்னர் இலைமேல் நீர் தெளித்து உறைபனியைக் கழுவிவிடுதல் மலைநாட்டில் வழங்கும் முறை. தூவற்குழாய் மூலம் இரவிலேயே தெளிக்கத் தொடங்கினால், உறைபனி முற்றும் உருகும் வரை இடைவிடாது தெளித்தல் வேண்டும். நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுவதால் இலை காக்கப்படும். நடுவே நிறுத்தினால் தெளியாத பயிரினும் கேடு மிகும்.

7. புகையிடுதலை மட்டும் நம்பலாகாது. புகை நிலத்தின் வெப்பத்தை முகில்போலத் தடுப்பதில்லை.

உறைபனியால் கருகிய உருளைக்கிழங்குச் செடியை உடனே பிடுங்குதல் கூடாது. நிலத்துக்குள் உள்ள தண்டிலிருந்து புதிய தளிர் வருதல் உண்டு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும்.

உறைபனியைக் கண்டோர் சிலர் இலங்கையிலும் பனிமழை பெய்ததெனக் கூறுவதுண்டு. அது பிழை. பனிமழை முகிலில் உண்டாகி உருகாமல் நிலத்தை அடைதல் வேண்டும். நமது தீவின்மேல் வளி உறைநிலையை அடையும் உயரம் ஏறக்குறைய 5,000 மீற்றர். மிக உயர்ந்த பீதுருதாலகால மலையோ 2,524 மீற்றர் மட்டுமே. முகிலிற் பிறந்த பனித்துகள் வழியிலேயே உருகி மழையாகிவிடுகின்றது. இடிமழையோடு சிலவேளை விழும் ஆலங்கட்டி வேறு வகை. அது பருத்து விரைந்து விழுவதால் உருக நேரமின்றி நிலத்தை அடைகின்றது.

கால்நடைகளும் குளிரும்

2022 ஆம் ஆண்டு திசம்பர் 9 ஆம் நாளையொட்டி, மாண்டௌஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நின்றபோது, வடக்கு கிழக்கு மாகாணங்களில் கடுங்குளிர் காற்றும் மழையும் சேர்ந்து வீசின. அச்சில நாட்களில் ஆயிரத்திற்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. அங்கே நீர் உறையவில்லை; உறைபனியும் படியவில்லை. நனைந்த உடலிலிருந்து காற்று வெப்பத்தைப் பறித்ததே மரணத்திற்குக் காரணமாயிற்று. திறந்தவெளியில், பட்டியில் நின்ற மெலிந்த மாடுகளும் இளங்கன்றுகளும் இதனை முதலில் தாங்காதவை.

இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் தெளிவானது. மழையோடு கூடிய வாடை வருமென அறிவிக்கப்பட்டால், மந்தையைத் திறந்தவெளியில் விடாது, வடகிழக்குப் பக்கம் மறைப்புள்ள மேட்டு நிலத்திற் சேர்த்தல் வேண்டும். கிடுகால் வேய்ந்த ஒரு பக்கச் சுவரும் பெரும் காப்பாகும். கன்றுகளுக்கு உலர்ந்த வைக்கோலைத் தரையில் பரப்பி, வயிறு நிறைய உணவு கொடுத்தல் வேண்டும். சூடு மிதித்த வைக்கோலை எரித்துவிடாது போராக வைத்திருக்கும் கமக்காரருக்கு இவ்வேளையில் அது உணவாகவும் படுக்கையாகவும் உதவும்.

அளந்து குறித்து வைத்தல்

காலநிலையை அறிதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. நேரான பக்கங்களையுடைய ஒரு தகரப்பேணியை மரநிழல் படாத வெளியில் நாட்டி, ஒவ்வொரு நாளும் காலை 8½ மணிக்கு அதிலுள்ள நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் மழையின் அளவு மி. மீ. இற் கிடைக்கும். ஒரு கொப்பியில் நாள், மழை, காற்றின் திசை, பனி படிந்ததா இல்லையா, விதைத்த நாள், கதிர் பறிந்த நாள், நோய் கண்ட நாள் என்பனவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். மூன்று நான்கு ஆண்டு சென்றபின், தன் வயலில் எந்நாளில் விதைத்தால் வெள்ளத்திற்கும் குளிருக்கும் இடையே பயிர் தப்பும் என்பதை அக்கொப்பியே அறிவிக்கும். வானிலை அறிக்கை மாவட்டத்திற்கு உரியது; கொப்பியோ அவ்வயலுக்கே உரியது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சிறந்தது.

வாடை ஆண்டுதோறும் வரும். ஓர் ஆண்டு நீரை மிகுத்தும், ஓர் ஆண்டு குறைத்தும், ஓர் ஆண்டு குளிரை மிகுத்தும் வரும். அதன் வரவை மாற்றுதல் இயலாது. ஆயின் வரம்பையும் வடிகாலையும் முன்னரே திருத்தி, விதைப்பு நாளை எண்ணித் தெரிந்து, பசளையை அளவோடு இட்டு, பனிக்குரிய பயிரைப் பனிக்குரிய இடத்தில் நட்டு, பட்டிக்கு மறைப்பு அமைத்த கமக்காரன், மாரிகாலத்தின் நன்மையைப் பெற்று அதன் தீமையிற் பெரும்பகுதியை விலக்கிக் கொள்வான்.